தங்கத்தைக் கெடுக்க மதுரைக்குப் போனேன்

இந்த முறை மதுரைக்கு நான் அம்மாவைப் பார்க்கப் போகவில்லை, வேலையாகப் போனேன். இதை மறைக்கத் தெரியாமல், வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடமே உளறிவிட்டேன். எனக்காகச் சுட்டு வைத்திருந்த முள்ளுமுருங்கை அடையை அம்மா சூடு பண்ணாமல் அப்படியே தட்டில் வைத்தாள். ஆறிப்போன அடைக்கும் ருசி உண்டு என்பது வேறு விஷயம். ஆறு தின்றேன்.

ஜப்பானில் ஓர் ஆராய்ச்சி அணு உலையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஈயமும் பிஸ்மத்தும் கலந்த ஓர் உலோகம் இருக்கிறது. கொதிக்கும் ரசத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு கொடுத்தாலே உருகித் தண்ணீராக ஓடும். புதுவகை அணு உலைகளைக் குளிர வைக்க இதைக் குழாயில் ஓட விடலாமா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓடும் சரி, உள்ளே எப்படி ஓடும்? எங்கே சுழலும், எந்த மூலையில் தேங்கும்? வாய்க்கால் தண்ணீரென்றால் நாலு உமியைத் தூவிப் பார்த்துவிடலாம். உலோகத்துக்குள் கண் போகாது. எக்ஸ்ரே கூட ஈயத்திடம் தோற்றுவிடும்.

நியூட்ரான் மட்டும் ஈயத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அதே நியூட்ரான் காட்மியத்தை, நம் ஊர் நகைக்கடை பாஷையில் கேடியத்தை, கண்டால் நின்றுவிடும். ஆகவே உமிக்குப் பதிலாகக் கடுகைவிடச் சின்னதாகக் கேடியம் குண்டுகளைத் தூவினால், படத்தில் கறுப்புப் புள்ளிகளாக ஓட்டத்தோடு ஓடும். ஒரே சிக்கல், வெறும் கேடியம் லேசு, மேலே மிதந்துவிடும். எடை கூட்டத் தங்கம் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு தங்கத்துக்கு ஒன்றே முக்கால் பங்கு கேடியம். அப்போதுதான் மிதக்காமலும் அடியில் போய் உட்காராமலும் குண்டு உலோகத்தோடு போகும்.

ஆய்வகத்தில் செய்த குண்டுகள் ஒன்று பூசணி விதை போல, ஒன்று நொய் போல வந்தன. எங்கள் பேராசிரியர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. தங்கமும் கேடியமும் சேர்த்து வேலை செய்ய எங்கள் ஊரில் ஒரு தெருவே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. மதுரையில் அப்போது கடைக்குக் கடை ‘கேடியம் நகை’ என்று போர்டு தொங்கிய காலம். தங்கத்தைப் பற்றவைக்கும் பொடியில் கொஞ்சம் கேடியம் கலப்பது நகைத் தொழிலில் சாதாரணம். பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பத்து நாளில் கொண்டு வர முடியுமா என்று கேட்டார். பத்து நாளுக்குப் பிறகு, உலையிலிருந்து வரும் நியூட்ரானை எனக்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். அது முடிந்ததும் உலையைப் பழுது பார்க்க ஒன்றரை வருடம் மூடுகிறார்கள். என் வேலை ஒப்பந்தமோ அதற்கு முன்பே முடிகிறது. குண்டு வரவில்லையென்றால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் காலை, தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சொக்கலிங்கம் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டுத் தோடு, மூக்குத்தி எல்லாம் அவர் கை பட்டவை. ஆள் நிற்க முடியாத உயரத்தில் ஒரு மாடி அறை, அதில் குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், தங்கம் உருக்கச் சின்னச் சின்ன மூசைகள். இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார். காற்று வந்தால் தீ நாக்கு அலையும், தங்கப் பொடி பறக்கும் என்றார். ஃபேனும் கிடையாது. நான் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் முதுகில் ஆறு ஓடியது.

ஆய்வகத்தில் கொடுத்தனுப்பிய நாலு கிராம் தங்கக் கம்பியைக் கொடுத்து, கணக்கைச் சொன்னேன். ஈயத்துக்குள் பார்ப்பதைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒன்றே முக்கால் பங்கு என்றபோது மட்டும் அவர் புருவம் மேலே போனது. நான் அதைக் கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை. குண்டு பண்ணுவது அவருக்குப் பிள்ளை விளையாட்டு. கம்பியைப் பொடிப் பொடியாகத் துணித்து, கரித்தூளுக்குள் படாமல் அடுக்கிச் சூடு காட்டினால் ஒவ்வொரு துணுக்கும் தானே உருண்டுகொள்ளும். கேடியம் அவரிடமே இருந்தது. மூன்று நாள் கேட்டார்.

மூன்று நாளும் தின்றேன். ஜப்பானில் ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே என் சித்தி மகன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டேகாலுக்கு ஸ்கூட்டரில் வந்து, என்னைப் பார்த்து ‘இன்னும் கெளம்பலையா?’ என்று கேட்டான். சமயநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தம். போகும் வழியில் வண்டி மூன்று முறை நின்றது, மூன்று முறையும் அவன் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்து நிமிர்த்தினான், ஓடியது. பந்தியில் புளியோதரை. எங்கள் சௌராஷ்டிர வீடுகளின் புளியோதரைக்கு ஈடாக இதுவரை நான் எந்த நாட்டிலும் தின்றதில்லை. பக்கத்து இலைக்காரம்மா எங்கள் பாஷையில் என் அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது: ‘உன் மகள் அங்கே சாப்பாடு இல்லாமல் இருக்கிறாளா, இல்லை எப்போதுமே இப்படித்தானா?’ எப்போதுமே இப்படித்தான் என்றாள் அம்மா.

ஐந்தாம் நாள் குண்டுகள் வந்தன. ஆசாரி ஒரு வெல்வெட் துணியில் உருட்டிக் காட்டினார். அடேயப்பா! ஒன்றுபோல் ஒன்று, மஞ்சள் மஞ்சளாக மின்னின. அளவுதான் நான் நினைத்ததில் பாதி கூட இல்லை. சேதாரம் என்றார். நம்பினேன். வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, சந்து முனையில் இரண்டு டம்ளர் பருத்திப்பால் குடித்துக் கொண்டாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சோதித்துப் பார்க்க ஒரு துண்டு ஈயக் கலவை கையோடு கொண்டு வந்திருந்தேன். பின்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, பழைய இரும்புக் கரண்டியில் உருக்கி, ஒரு சிட்டிகை குண்டைப் போட்டுக் கிளறி, ஆறவிட்டேன். உள்ளே அம்மா போனில் சித்தியிடம் எங்கள் பாஷையில் பொருமிக்கொண்டிருந்தாள். ‘கல்யாணத்துக்குப் பார்க்கலாமா என்று கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் முகத்தை வைப்பாள். இப்போது நிஜமாகவே ஈயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.’ எனக்குச் சிரிப்பு வந்தது. உறைந்த கட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குண்டு அத்தனையும் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது. மூன்றில் இரண்டு பங்கு கேடியம் கலந்தது வெளுத்துச் சாம்பலாக அல்லவா இருக்க வேண்டும்? மஞ்சளாக மின்னியபோதே தெரிந்திருக்க வேண்டாமா? பி.எச்.டி. வாங்கிய கழுதை நான், உருண்டையின் அழகைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் காலையில் சண்டை போடுகிற முகத்தோடு மாடிப்படி ஏறினேன். எத்தனை கேடியம் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆசாரி மறைக்கவே இல்லை.

“நூத்துக்கு எட்டுதேன் தங்கச்சி. நீ சொன்ன கணக்குல போட்டா அது தங்கமே இல்ல. படிச்ச பிள்ள, யாரோ தப்பா எழுதிக் குடுத்ததக் கொண்டாந்திருக்குன்னு நெனச்சேன். நாளைக்கு அங்க ஒருத்தன் உரசிப் பாத்து, மதுரை ஆசாரி ஏமாத்திட்டான்னு சொல்லிட்டா? நீயும்ல தலகுனியணும்.”

எனக்குக் கோபமும் வந்தது, கோபப்படவும் முடியவில்லை. தங்கத்தில் கலப்படம் செய்து மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கலப்படம் செய்யாமல் மாட்டிக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். மாற்று குறையாமல் கொடுத்து என் பிழைப்பைக் கெடுத்திருக்கிறார். கேடியம்தான் அண்ணே எனக்கு முக்கியம், தங்கம் சும்மா எடைக்கு என்று மறுபடி விளக்கினேன். நாலு நாள்தான் இருக்கிறது, இது இல்லையென்றால் வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

அவர் பதறிப் போனார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா, வேலை போகிற விஷயமா இது என்று என்னையே திட்டினார். இப்போதே உருக்கிவிடலாம் என்று குமுட்டியை இழுத்து வைத்து, ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று எழுந்து பார்த்தார். கேடியம் கட்டியை எடுத்துக் கை நிறைய வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் மோர் கொண்டு வந்த மதினி, ஆசாரியின் மனைவி, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஆசாரியின் கையிலிருந்த கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இம்புட்டுமா? ஒரு சிட்டிகை போட்டு உருக்குற அன்னைக்கே இவுகளுக்குச் சோறு எறங்காது தங்கச்சி. பாலும் வாழைப்பழமும்தேன். காச்சல் வந்து, படுத்தா மூச்சு விட முடியாம உக்காந்தேதேன் தூங்குவாக.”

ஆசாரி சிரித்தார். இந்தத் தெருவில் எல்லாருக்கும் உள்ளதுதான், ஒரு நாளில் போய்விடும் என்றார். மனைவியைக் கீழே போகச் சொன்னார். மதினி போகவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விரல் நீளக் கேடியத்தைத் தொட மூன்று படிவம் நிரப்ப வேண்டும். கையுறை, முகமூடி, கண்ணாடிப் பெட்டி, காற்றை உறிஞ்சும் குழாய். அந்தப் புகை நுரையீரலை என்ன செய்யும் என்று வருடா வருடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். அந்த நான்தான் ஜன்னல் சாத்திய மாடி அறையில் உட்கார்ந்து, ஏழு கிராம் கேடியத்தைப் போட்டு உருக்குங்கள் அண்ணே என்று கணக்குச் சொல்லிவிட்டு, புளியோதரை தின்னப் போயிருக்கிறேன். அவர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால்! அவ்வளவையும் திறந்த மூசையில் போட்டிருந்தால் ஆள் பிழைத்திருப்பாரா என்பதே சந்தேகம். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அழுதும் விட்டேன்.

உருக்க வேண்டாம் என்றேன். ஒன்றும் ஆகாது, உன் வேலை முக்கியம் என்று அவர் ஊதுகுழலை எடுத்தார். நான் குமுட்டியைக் காலால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். ஆசாரி வீட்டு அடுப்பைக் காலால் தள்ளுவது எவ்வளவு பெரிய அபச்சாரம் என்று எனக்குத் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது. தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். புகை வராமல் செய்ய வழியிருந்தால் செய்வோம், இல்லாவிட்டால் வேலை போனால் போகட்டும் என்று சொன்னேன். மதினி எனக்கு மோரைக் கொடுத்தார்.

வழி ஒன்றுதான். கேடியத்தையும் தங்கத்தையும் ஓர் இரும்புக் குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போகாமல் வெல்டிங் வைத்து அடைத்து, குழாயோடு சூடு பண்ணுவது. தங்கம் உருகவேண்டிய அவசியம்கூட இல்லை, உருகிய கேடியத்தில் ஊறி ஊறியே கரைந்துவிடும். ஆசாரி அந்த மஞ்சள் குண்டுகளையெல்லாம் உருக்காமல் சுத்தியலாலேயே தட்டித் தகடாக்கிக் கொடுத்தார். கேடியத்தைக் கணக்காக நிறுத்து என் டிபன் பாக்ஸில் போட்டார்.

ஏழாம் நாள் கப்பலூருக்கு டவுன் பஸ். என்னோடு கல்லூரியில் படித்த ராஜபாண்டி அங்கே தொழிற்பேட்டையில் சின்ன ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். பஸ்ஸில் நிற்க இடமில்லை. மதுரை வழக்கப்படி, உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்காமலேயே என் டிபன் பாக்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், ‘என்ன சோறு, இப்படிக் கலகலங்குது?’ என்றார். புளிச்சோறு என்றேன். பசுமலை தாண்டி டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி, கிடைத்த ஷேர் ஆட்டோக்களில் தொற்றினார்கள். நான் திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணவில்லை, என் டிபன் பாக்ஸையும் காணவில்லை! பசியெடுத்து அவர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ரோட்டில் ஓடினேன். முன்னால் நின்ற ஆட்டோவில், என் டிபன் பாக்ஸை அணைத்தபடி, எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘வேகமா வாத்தா, சோறு ஆறிரும்’ என்றார். ஜப்பானிலும் தொலைந்த பொருள் திரும்பக் கிடைக்கும், ரசீதோடு. இடம் பிடித்து வைத்துக்கொண்டு யாரும் காத்திருந்ததில்லை.

ராஜபாண்டி குழாயைக் கடைந்து, அடைத்து, தண்ணீருக்குள் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். மாலைக்குள் கலவை தயார். அறுத்துப் பார்த்தால் வெள்ளிபோல் வெளுத்து, தட்டினால் கல்கண்டாக உடைந்தது. முகமூடி போட்டுக்கொண்டு பொடித்து, ஆள் அனுப்பி வாங்கிய சல்லடையில் சலித்தோம். இனி இந்தத் துணுக்குகள் உருண்டையாக வேண்டும். அதற்கு ஆசாரியின் கரித்தூள் வித்தை வேண்டும். போன் போட்டேன்.

எட்டாம் நாள் அவரே டிவிஎஸ் ஐம்பதில், ஒரு பொட்டலம் கரித்தூளோடு, பின்னால் மதினியோடு வந்து இறங்கினார். மதினி எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. காவலுக்குத்தான். ஆசாரி தூளை வறுத்து ஈரம் போக்கி, குழாய்க்குள் ஒரு படுக்கை கரி, ஒரு படுக்கை துணுக்கு என்று அடுக்கினார். ராஜபாண்டி அடைத்து அடுப்புக்குள் வைத்தான். குழாய் சிவந்தது. ஆசாரி அடுப்பு வாசலுக்கு முன்னால் குந்தி, மூக்கை நீட்டி மோந்து மோந்து பார்த்தார். மதினி ஒரு கையில் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் சட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார்.

“எங்க புகையவே காணோம்? இம்புட்டு கேடியமும் உள்ளயேவா இருக்கு?” என்றார் ஆசாரி.

உள்ளேதான் இருக்கிறது என்றேன். அவர் குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தார். அன்று மத்தியானம் திருமங்கலம் ரோட்டில் ஒரு கடையில் நாலு பேரும் கறிதோசை தின்றோம். உருக்கிய நாளில் இவர் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்று மதினி திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் இலையில் தன் துண்டையும் வைத்தார்.

ஒன்பதாம் நாள் மறுபடி பின்கட்டு, மறுபடி இரும்புக் கரண்டி. இந்த முறை அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள். உறைந்த கட்டியை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தேன். மேலே, நடுவில், கீழே, எங்கு பார்த்தாலும் பொடிக் குண்டுகள் பரவிக் கிடந்தன. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நான் குதித்ததைப் பார்த்து உள்ளே போய் அடைக்கு மாவு கரைத்தாள். சூடாகவே கிடைத்தது.

ஜப்பான் திரும்பிய மறுநாளே உலையில் படம் எடுத்தோம். திரையில் முதலில் சாம்பல் நிறம் மட்டும். பிறகு ஒரு கறுப்புப் புள்ளி கீழிருந்து ஏறியது. இன்னொன்று. பிறகு நூறு. குழாயின் நடுவில் மேலே ஏறி, ஓரமாகத் திரும்பி, மூலையில் நின்று, தயங்கி, மறுபடி நடுவுக்கு வந்தன. அதுவரை நான் அந்த உலோகத்தின் உள்ளே எதையும் பார்த்ததில்லை. மூலையில் தேங்குமா என்ற என் கேள்விக்கு மூலையிலேயே சுற்றிக்கொண்டிருந்த ஏழெட்டுப் புள்ளிகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார்.

வராந்தாவுக்கு ஓடி வந்து மதுரைக்குப் போன் போட்டேன். மதினி எடுத்து அவரிடம் கொடுத்தார். குண்டு ஓடுகிறது அண்ணே, நீங்கள் செய்த குண்டு, ஒன்றுகூட அடியில் உட்காரவில்லை என்று கத்தினேன். கட்டுரையில் உங்கள் பேரைப் போடப்போகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், கெட்ட தங்கத்தில் எம் பேரா என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

“அங்க ஒனக்குப் புகை ஏதும் வரலையே தங்கச்சி?”

இல்லண்ணே, எல்லாம் மூடித்தான் இருக்கிறது என்றேன். அப்ப சரி, கடைக்காரர் தோடு கேட்டிருக்கிறார், இன்றைக்குக் கேடியம் போட்டுப் பொடி உருக்க வேண்டியிருக்கிறது, வைக்கிறேன் என்றார். வைத்தும் விட்டார்.

நான் போனைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன். பேராசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வந்தவர், தூரத்திலேயே நின்று, ஏதாவது பழுதாகிவிட்டதா, குண்டுகள் உட்கார்ந்துவிட்டனவா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன்.